புது ஏசி மாற்றினால் கரண்ட் பில்லில் எவ்வளவு மிச்சம்? வாங்கும் முன்பே கணக்குப் போடலாம்

போன வருஷம் கோடையில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். வீட்டில் இருந்தது 2012 இல் வாங்கிய ஒன்றரை டன் ஏசி. "பழசைக் கொடுத்துட்டு ஃபைவ் ஸ்டார் எடுத்துட்டுப் போங்க சார், மூணு வருஷத்துல போட்ட காசு கரண்ட் பில்லுலயே திரும்பி வந்துடும்" என்றார் விற்பனைப் பையன். எப்படித் தம்பி கணக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு நோட்டை எடுத்து வைத்து, ஒரு வாரம் மீட்டரைப் பார்த்து எழுதி, நானே கணக்குப் போட்டேன். விடை மூன்று வருஷமும் இல்லை, "ஏசி மாற்றுவதெல்லாம் வீண்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் இல்லை. அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும், ஆனால் ஒரு வாரம் பொறுமை வேண்டும்.

முக்கியமாக ஒன்று. ஸ்டிக்கரில் உள்ள எண்ணை வைத்து மட்டும் உங்கள் மிச்சத்தைக் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் ஏசி ஒரு ராத்திரிக்கு நிஜமாக எத்தனை யூனிட் இழுக்கிறது, அந்த யூனிட்டுகள் உங்கள் பில்லில் என்ன விலையில் வந்து விழுகின்றன என்ற இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும். இரண்டுக்கும் விடை உங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

அளக்கும் முன்னால் பழைய ஏசியைச் சுத்தம் செய்துவிடுங்கள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஃபில்டரில் தூசி அடைத்து, அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கத் தகடுகளில் அழுக்குப் படிந்து கிடக்கும் ஏசியை அப்படியே அளந்தால் அது அதிக யூனிட் காட்டும். அப்புறம் புது ஏசி வந்ததும் குறைவது புது ஏசியின் பெருமை என்று நினைத்துக்கொள்வோம், அதில் ஒரு பங்கு வெறும் தண்ணீர் சர்வீஸ் செய்திருந்தாலே கிடைத்திருக்கும். என் வீட்டில் கழுவுவதற்கு முன் ஒரு ராத்திரிக்கு 10.3 யூனிட் போய்க்கொண்டிருந்தது, கழுவிய பின் 9.1. சில நூறு ரூபாய் செலவில் ராத்திரிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் குறைந்துவிட்டது. கேஸ் குறைவாக இருந்தாலும் இதே கதைதான், கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், அறை குளிராது. அப்படி இருந்தால் சரிசெய்துவிட்டு அளக்க வேண்டும்.

ராத்திரிக்கு எத்தனை யூனிட்?

பெரும்பாலானோர் செய்யும் தவறு, ஏசியின் பக்கவாட்டுத் தகட்டில் எழுதியிருக்கும் வாட் எண்ணை அப்படியே மணியால் பெருக்குவது. என் பழைய ஏசியின் தகட்டில் 1850 வாட் என்று இருந்தது. எட்டு மணி நேரத்துக்கு 14.8 யூனிட் என்று வரும். நிஜத்தில் போனது 9.1 தான். காரணம், பழைய ஏசியில் கம்ப்ரசர் ஒரே வேகத்தில்தான் ஓடும், அறை குளிர்ந்ததும் கட்-ஆஃப் ஆகும், சூடானதும் மறுபடி கிளம்பும். கட்-ஆஃப் ஆன நேரத்தில் உள்ளே இருக்கும் சின்ன மின்விசிறி மட்டும்தான் ஓடுகிறது. தகட்டு எண்ணை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் மிச்சமும் அதே அளவுக்கு ஊதிப் பெரிதாகியிருக்கும். கடைக்காரர்கள் சொல்லும் கணக்கு பெரும்பாலும் இங்கேதான் கெட்டுப்போகிறது.

நான் அளந்த விதம் இது. ராத்திரி பத்து மணிக்கு ஈபி மீட்டரில் உள்ள யூனிட் எண்ணைப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கத்தோடு எழுதிக்கொண்டேன் (மீட்டர் திரையில் எண்கள் மாறி மாறி வரும், யூனிட் வரும் வரை காத்திருக்க வேண்டும்). காலையில் ஆறு மணிக்கு மறுபடி எழுதினேன். இப்படி மூன்று ராத்திரி ஏசியோடு, மூன்று ராத்திரி ஏசி இல்லாமல். ஏசி போட்ட ராத்திரிகளின் சராசரி 11.2 யூனிட், போடாத ராத்திரிகளின் சராசரி 2.1 யூனிட், அது ஃப்ரிட்ஜும் ஃபேன்களும். கழித்தால் 9.1. எட்டு மணி நேரத்துக்கு 9.1 என்றால் மணிக்கு சுமார் 1.14 யூனிட். மதுரையில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை, பகல் முழுக்க வெயிலில் காய்ந்த கான்கிரீட் ராத்திரி பன்னிரண்டு மணி வரை சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும், அதனால் என் எண் கொஞ்சம் அதிகம். கீழ்த்தள வீட்டில் இதே ஏசி இன்னும் குறைவாக இழுக்கும். உங்கள் எண்ணை நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்று நான் சொல்வதன் காரணம் இதுதான்.

வெக்கையில் ஏசி இல்லாமல் மூன்று ராத்திரி படுக்க முடியாது, வீட்டில் குழந்தை இருக்கிறது, வயதானவர் இருக்கிறார் என்றால் அதைக் கட்டாயப்படுத்தாதீர்கள். பகலில் ஏதாவது ஒரு இரண்டு மணி நேரம், மோட்டார், கிரைண்டர், ஹீட்டர் எதையும் தொடாமல் ஃப்ரிட்ஜும் ராத்திரி ஓடும் அதே ஃபேன்களும் மட்டும் ஓடவிட்டு மீட்டரைப் பாருங்கள், அதை நான்கால் பெருக்கினால் எட்டு மணி நேரக் கணக்கு வந்துவிடும். ஃப்ரிட்ஜும் நின்று நின்றுதான் ஓடும் என்பதால் அரை மணி நேர அளவை நம்ப வேண்டாம்.

ஏசி அந்தக் கணத்தில் எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்துகொள்ள மீட்டரின் மினுக்கும் சிவப்பு விளக்கு போதும். விளக்குக்குப் பக்கத்திலேயே 3200 இம்பல்ஸ் என்றோ 1600 என்றோ ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். அத்தனை முறை மினுக்கினால் ஒரு யூனிட் என்று பொருள். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஏசியை மட்டும் ஓடவிடுங்கள், கம்ப்ரசர் கிளம்பி ஐந்து நிமிஷம் ஆகட்டும். ஒரு மினுக்கலைப் பூஜ்யம் என்று எண்ணத் தொடங்கி, பத்தாவது மினுக்கல் வரும் வரை எத்தனை விநாடி என்று செல்போனில் பாருங்கள். 36,000 ஐ அந்த இம்பல்ஸ் எண்ணாலும் விநாடியாலும் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். எனக்கு 3200 மீட்டரில் 6.3 விநாடி ஆனது, அதாவது சுமார் 1.8 கிலோவாட், தகட்டில் உள்ளதோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. தகடு அழிந்துபோன ஏசிகளுக்கு இது நல்ல வழி. மீட்டர் பெட்டியைத் திறப்பது, வயரைத் தொடுவது எதுவும் தேவையில்லை, செய்யவும் கூடாது. பிளக்கில் செருகி அளக்கும் கருவி வாங்குவதாக இருந்தால் 16 ஆம்பியர் தாங்கும் கருவியாக மட்டும் வாங்குங்கள், சின்னது சூடேறி உருகிவிடும்.

அப்புறம் வருஷத்துக்கு எத்தனை ராத்திரி என்ற கணக்கு. எங்கள் வீட்டில் உட்கார்ந்து யோசித்ததில் ஏப்ரல், மே இரண்டு மாதமும் தினமும், அதாவது சுமார் 60 ராத்திரி, ஜூன் ஜூலையில் 45, ஆகஸ்ட் செப்டம்பரில் 30, பிப்ரவரி மார்ச்சில் 20, மற்ற நான்கு மாதங்களில் போடுவதே இல்லை என்று வந்தது. மொத்தம் 155 ராத்திரி, 1240 மணி நேரம். இதை உங்கள் மின் கணக்கெடுப்பு எந்த இரண்டு மாதங்களாக விழுகிறதோ அதன்படி பிரித்து எழுதுங்கள். ஏன் என்பது கீழே வரும்.

புது ஏசி எவ்வளவு இழுக்கும்?

இந்தியாவில் விற்கும் ஏசிகளில் பிஇஇ (மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு) ஸ்டிக்கர் இருக்கும். பலரும் அதில் நட்சத்திரத்தை மட்டும் எண்ணுகிறார்கள். நட்சத்திரம் காலத்துக்குக் காலம் மாறும். 2018 இல் ஸ்பிளிட் ஏசிக்கு ஐந்து நட்சத்திரம் வாங்க ஸ்டிக்கரில் உள்ள திறன் எண் 4.5 இருந்தால் போதும், 2022 ஜூலையிலிருந்து அதற்கு 5.0 வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள், அதனால் 2018 இல் ஐந்து நட்சத்திரத்தோடு வந்த 4.6 ஏசி 2022 கணக்கில் நான்கு நட்சத்திரம்தான். ஆகவே நட்சத்திரத்தை விட்டுவிட்டு, ஐஎஸ்இஇஆர் என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியே தள்ளும் என்பதை, வெளிச் சூடு 24 டிகிரியிலிருந்து 43 டிகிரி வரை மாறும் ஒரு வருஷத்துக்குச் சராசரி எடுத்துச் சொல்லும் எண் அது. பெரிதாக இருந்தால் நல்லது.

அதே ஸ்டிக்கரில் வருஷத்துக்கு இத்தனை யூனிட் என்றும் ஒரு எண் இருக்கும். அது 1600 மணி நேர ஓட்டத்துக்கு. நீங்கள் 1240 மணி நேரம் ஓட்டினாலும் அது மாறாது, 3000 மணி நேரம் ஓட்டினாலும் மாறாது. போதாக்குறைக்கு அந்தச் சோதனை அறையின் உள்ளே 27 டிகிரி, நாம் வீட்டில் 24 வைத்துப் படுக்கிறோம். அதனால் அந்த எண்ணை உங்கள் செலவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு புது ஏசிகளை ஒன்றோடொன்று ஒப்பிட அது பயன்படும், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் புது ஏசி எவ்வளவு இழுக்கும் என்பதற்கு நான் நம்பும் வழி விகிதக் கணக்கு. பழைய ஏசியின் தகட்டில் குளிரூட்டும் திறன் 5100 வாட், இழுக்கும் மின்சாரம் 1850 வாட் என்று இருந்தது. வகுத்தால் 2.76. இது பழைய முறை அளவு, இஇஆர் என்பார்கள், வெளியே 35 டிகிரி இருக்கும் ஒரே ஒரு நிலையில் எடுத்தது. புது ஏசியின் எண்ணோ வருஷச் சராசரி. இரண்டையும் நேராக வகுத்தால் பழைய ஏசிக்கு அநியாயம், ஏனென்றால் வெளியே 28 டிகிரி இருக்கும் ராத்திரிகளில் அதுவும் 2.76 ஐ விட நன்றாகவே வேலை செய்திருக்கும். அதனால் பழைய எண்ணோடு நான் பத்து சதவீதம் கூட்டிக்கொள்கிறேன், 3.03 ஆகிறது. இந்தப் பத்து சதவீதம் என் சொந்தக் கணிப்பு, மிச்சத்தைப் பெரிதாகக் காட்டிவிடக் கூடாது என்பதற்காகச் சேர்த்தது. நான் பார்த்து வைத்த புது ஏசியின் எண் 5.5. 3.03 ஐ 5.5 ஆல் வகுத்தால் 0.55. ஆக, 9.1 யூனிட் இழுத்த இடத்தில் புதியது சுமார் 5 யூனிட் இழுக்க வேண்டும். ராத்திரிக்கு 4.1 யூனிட் மிச்சம், 155 ராத்திரிக்கு சுமார் 636 யூனிட்.

இந்த விகிதம் பொருந்தாத ஒரு இடம் உண்டு. இன்வெர்ட்டர் ஏசி, அதாவது கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் இந்தப் புது வகை, நீண்ட நேரம் ஓடும்போதுதான் மிச்சம் பிடிக்கும், அறை குளிர்ந்த பிறகு கம்ப்ரசர் மெதுவாக, குறைந்த வாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும், அதில்தான் லாபம். ராத்திரி படுக்கும்போது ஒரு மணி நேரம் போட்டு அணைத்துவிடும் பழக்கம் உள்ளவர் என்றால், அந்த ஒரு மணி நேரமும் அறையைக் குளிர்விக்க முழு வேகத்தில்தான் ஓடும். உங்களுக்கு 0.55 வராது, 0.7, 0.75 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

விலையில்தான் சூட்சுமம்

இதுவரை யூனிட். இனிப் பணம். இங்கே எல்லோரும் மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து, யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் எண்பது பைசா, ஆறு ரூபாய் என்று ஒரு சராசரியை எடுத்துக்கொண்டு, மிச்ச யூனிட்டை அதனால் பெருக்குகிறார்கள். தமிழ்நாட்டு வீட்டு பில்லுக்கு இது தப்பு. நம் பில் படிக்கட்டு மாதிரி, மேலே போகப் போக யூனிட் விலை ஏறும். ஏசி குறைக்கும் யூனிட்டுகள் உச்சிப் படியிலிருந்துதான் கழியும், முதல் நூறு இலவச யூனிட்டிலிருந்து கழியாது.

2024 ஜூலை உயர்வுக்குப் பிறகு நான் கட்டிய பில்களில் உள்ள விகிதம் இது, உங்கள் பில்லில் வேறு எண் இருந்தால் அதையே போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. மொத்தம் 500 ஐத் தாண்டினால் அந்த 2.35 சலுகை போய்விடும், 101 முதல் 400 வரை முழுக்க 4.70, 401 முதல் 500 வரை 6.30, 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45, அதற்கு மேல் 1000 வரை 10.50, 1000 க்கு மேல் 11.55.

500 யூனிட்டில் பில் 1805 ரூபாய். 501 ஆனால் 2048. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்! இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே படியுங்கள்.

ஏசி தவிர்த்து எங்கள் வீட்டுச் செலவு இரண்டு மாதத்துக்கு 234 யூனிட். ஏப்ரல் மே பில்லில் பழைய ஏசி 546 யூனிட், மொத்தம் 780, பில் 4581 ரூபாய். புதியது 300 யூனிட், மொத்தம் 534, பில் 2326. மிச்சம் 2255. சராசரி விலையால் பெருக்கியிருந்தால் 1445 என்றுதான் வந்திருக்கும். ஜூன் ஜூலையில் 644 இலிருந்து 459 க்கு இறங்குகிறது, பில் 3296 இலிருந்து 1547 க்கு, மிச்சம் 1749, 500 என்ற கோட்டுக்குக் கீழே வந்துவிட்டதால் கிடைத்த லாபம் அதில் சேர்ந்திருக்கிறது. ஆகஸ்ட் செப்டம்பரில் 507 இலிருந்து 384, மிச்சம் 999. பிப்ரவரி மார்ச்சில் 416 இலிருந்து 334, மிச்சம் 411 மட்டும், அங்கே கழிந்த யூனிட்டுகள் பெரும்பாலும் 4.70 படியில் உள்ளவை. நான்கையும் கூட்டினால் வருஷத்துக்கு 5414 ரூபாய்.

ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் தனித்தனியாகப் போட வேண்டும் என்று சொன்னதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். வருஷத்துக்கு 636 யூனிட் என்று மொத்தமாகப் போட்டால் இந்தப் படிகள் கண்ணில் படாது. பழைய பில் விவரம் கையில் இல்லை என்றால் மின் வாரிய இணையதளத்தில் உங்கள் இணைப்பு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று ஒரே விலை வாங்கினால் உங்களுக்குப் படிக்கட்டு இல்லை, மிச்ச யூனிட்டை அந்த விலையால் பெருக்கினால் முடிந்தது. வீடு மாறும்போது கழற்றி மாட்டும் செலவையும் கேஸ் நிரப்பும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது பெரிய தொகை.

மாற்றலாமா, வேண்டாமா

போன வருஷம் எனக்குச் சொன்ன விலை 45,000 ரூபாய், மாட்டுவதற்கும் கூடுதல் காப்பர் பைப்புக்கும் 3000, பழசுக்கு 5000 கழிவு. கையை விட்டுப் போவது 43,000. அதை 5414 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட எட்டு வருஷம். கடையில் சொன்ன மூன்று வருஷத்தில் வருவது 16,000 ரூபாய் சொச்சம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஏசியை, ராத்திரி மட்டும் போடும் ஒரு வீட்டில், பணம் மிச்சமாகும் என்ற ஒரே காரணத்துக்காக மாற்ற வேண்டியதில்லை என்பது என் முடிவு. போன வருஷம் நான் மாற்றவில்லை.

ஆனால் ஏசி பழுதாகி எப்படியும் ஒன்று வாங்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால் கேள்வியே வேறு. அப்போது 43,000 ஐ மறந்துவிட வேண்டும். விலை குறைந்த ஏசிக்கும் திறன் அதிகமான ஏசிக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு, அந்த வித்தியாசம் எத்தனை வருஷத்தில் திரும்பும், இவ்வளவுதான் கேள்வி. அதே கடையில் 4.0 எண் போட்ட ஏசி 37,000. 3.03 ஐ 4.0 ஆல் வகுத்து 9.1 ஆல் பெருக்கினால் ராத்திரிக்கு 6.9 யூனிட். இதற்கும் நான்கு பில்லையும் போட்டுப் பார்த்தேன், 5.5 எண் உள்ளது வருஷத்துக்கு சுமார் 2400 ரூபாய் கூடுதலாக மிச்சம் பிடிக்கிறது. விலை வித்தியாசம் 8000. மூன்றரை வருஷத்துக்குள் திரும்பிவிடும், அதன் பிறகு வருவதெல்லாம் நமக்கு. இங்கே விலை குறைந்ததை வாங்குவதுதான் நஷ்டம். விற்பனைப் பையன் சொன்ன மூன்று வருஷம் ஒருவேளை இந்தக் கணக்கிலிருந்து வந்திருக்கலாம், ஆனால் அதை ஓடும் ஏசியை மாற்ற வருபவரிடம் சொல்லக் கூடாது.

கம்ப்ரசர் மட்டும் போனால் நடுவில் ஒரு நிலை. மாற்ற 14,000 கேட்கிறார்கள் என்றால், 43,000 இலிருந்து அதைக் கழித்து மீதி 29,000 ஐ 5414 ஆல் வகுங்கள், ஐந்தரை வருஷத்துக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. பன்னிரண்டு வருஷப் பழைய ஏசிக்கு 14,000 போட்ட பிறகும் அடுத்து காயில் ஓட்டையாகுமா, போர்டு போகுமா என்ற பயம் இருக்கும். ஆர்22 கேஸ் ஓடும் பழைய ஏசி என்றால் அந்தக் கேஸின் பயன்பாட்டையே படிப்படியாக நிறுத்திவருகிறார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். இந்த நிலையில் நான் புதிது வாங்கும் பக்கம்தான் சாய்வேன்.

வீட்டில் இரண்டு ஏசி, பகலிலும் ஒருவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார், பில் 1000 யூனிட்டைத் தாண்டுகிறது என்றால் ஓடும் ஏசியை மாற்றுவதும் சரியாக வரலாம். மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் 11.55 ரூபாய் படியிலிருந்து கழியும், ஓடும் நேரமும் அதிகம். அவர்கள் மேலே சொன்ன கணக்கைத் தங்கள் எண்களோடு போட்டுப் பார்க்க வேண்டும், பொதுவாக ஒரு பதில் சொல்ல முடியாது.

விலையைக் கேட்கும்போது பழைய விலைப்பட்டியலை நம்ப வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜிஎஸ்டி 28 இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. செலவுப் பக்கத்தில் ஒன்றை மறக்காமல் எழுதுங்கள். இன்வெர்ட்டர் ஏசியில் எலக்ட்ரானிக் போர்டு போனால் சில ஆயிரம் ரூபாய் போகும், என் தங்கை வீட்டில் வாங்கிய இரண்டாம் வருஷமே போனது, கம்ப்ரசருக்குப் பத்து வருஷ வாரண்டி என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த அட்டையில் போர்டுக்கு ஒரே வருஷம்தான் இருந்தது. வாங்கும் முன் போர்டுக்கு எத்தனை வருஷம் என்று தனியாகக் கேளுங்கள், எழுதி வாங்குங்கள்.

டன்னைப் பற்றிச் சுருக்கமாக: ஒரு டன் என்றால் சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். பழைய ஒன்றரை டன் அறையைச் சீக்கிரம் குளிர்வித்து அடிக்கடி கட்-ஆஃப் ஆகிக்கொண்டிருந்தது என்றால் ஒரு டன்னே போதுமா என்று பாருங்கள், விலையும் குறையும். மாறாக ராத்திரி முழுக்க நிற்காமல் ஓடியும் குளிரவில்லை என்றால் முதலில் கூரையைக் கவனியுங்கள், மொட்டை மாடியில் வெள்ளைப் பூச்சோ வெள்ளை ஓடோ போட்டால் எந்த ஏசியாக இருந்தாலும் வேலை குறையும்.

டிகிரியும் கணக்கில் சேரும். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் ஆறு சதவீதம் மின்சாரம் குறையும் என்பது பிஇஇ சொல்லும் கணக்கு, 2020 ஜனவரியிலிருந்து புது ஏசிகள் ஆன் செய்தவுடன் 24 இல்தான் தொடங்க வேண்டும் என்று விதி கொண்டுவந்ததும் இதனால்தான். 24 ஐ 26 ஆக்கி ஃபேனையும் ஓடவிட்டால் புது ஏசியில் ராத்திரிக்கு 0.6 யூனிட் குறையும், 60 ராத்திரிக்கு 36 யூனிட். பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் மேலே சொன்ன ஏப்ரல் மே பில்லில் 534 ஐ 498 ஆக்கிவிடுகிறது, பில் 2326 இலிருந்து 1792 க்கு வருகிறது. 36 யூனிட்டுக்கு 533 ரூபாய். உங்கள் மொத்தம் 500 க்கு அருகில் விழுகிறது என்றால் இந்த இரண்டு டிகிரிக்கு இருக்கும் மதிப்பு வேறு எதற்கும் இல்லை. மாதக் கடைசியில் ஒருமுறை மீட்டரைப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இதைப் பிடித்துவிடலாம்.

இந்த வருஷம் மார்ச்சில் என் பழைய ஏசியின் கம்ப்ரசர் நின்றுபோனது. 5.5 எண் போட்டதையே வாங்கினேன். மாட்டிய ஒரு வாரத்துக்குப் பிறகு மறுபடி அதே நோட்டு, அதே பத்து மணி, அதே ஆறு மணி, ரிமோட்டில் அதே 24. மூன்று ராத்திரிச் சராசரி 5.4 யூனிட் வந்தது. நான் எதிர்பார்த்தது 5.0. சூடேறிய மாடி அறையைக் குளிர்விக்க முதல் ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடுகிறது, கூடுதல் அங்கேதான் போகிறது என்பதை மீட்டர் விளக்கு மினுக்கும் வேகத்திலேயே பார்த்தேன். 26 வைத்து ஃபேனோடு அளந்ததில் 4.8. நீங்களும் புது ஏசி மாட்டியதும் இப்படி ஒருமுறை அளந்துவிடுங்கள், எதிர்பார்த்ததற்கு மேல் ஒன்றரை யூனிட், இரண்டு யூனிட் என்று இழுத்தால் பைப் இணைப்பில் கேஸ் கசிகிறதா, அவுட்டோருக்குக் காற்று போக இடம் இருக்கிறதா என்று மாட்டியவரை அந்த மாதத்துக்குள்ளேயே கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம்.